ராஜகிரியை விட உயர்ந்த உள்ளம்

12-8-1964, புதன்

மாற்றலாகிப் போகும் எங்கள் ஆபீசருக்கு இன்று பிரிவுபசாரம். மடல் எழுதும் வேலையை ஹெட்கிளார்க் என் தலையில் கட்டிவிட்டார். ஆபீசிலேயே நல்ல தமிழ் எழுதுபவன் நான்தானாம். "ராஜகிரியை விட உயர்ந்த உள்ளம் படைத்த பெருந்தகையே" என்று ஆரம்பித்தேன். செஞ்சியில் யாரை வழியனுப்பினாலும் அந்த மலையை இழுக்காமல் முடியாது.

அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டதை நானே எழுந்து நின்று வாசித்தேன். "ஊழியர்களைப் பெற்ற பிள்ளைகளாய்க் காத்தவரே" என்ற வரி வந்தபோது பியூன் முனுசாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா செத்த அன்று லீவு கேட்ட அவனை, தன் வீட்டு விறகைப் பிளந்து போட்டுவிட்டுப் போகச் சொன்ன மனுஷன் இவர். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டோம்.

ஆபீசர் மாலையும் கழுத்துமாகத் தேம்பி அழுதார். "உங்களுக்கெல்லாம் எம்மேல இவ்ளோ பிரியமா? தெரியாமப் போச்சே" என்றார். அத்தனையையும் நம்பிவிட்டார்.

நாற்காலிகளை மடக்கும்போது முனுசாமி என்னிடம் கேட்டான்: "இன்னா சார், நீங்க படிச்சது நம்ம ஆபீசரப் பத்தியா? நான் வேற யாரோன்னு நெனச்சேன்."

பொய் எழுதியதுகூடப் போகட்டும், ஊரே எழுதுகிறது. அவர் அழுதபோது, 'நம்ம எழுத்து ஆளையே அழ வெச்சிடுச்சே' என்று எனக்குள் ஒரு பூரிப்பு வந்ததே, சீ, அதுதான் குமட்டுகிறது.

முனுசாமி எனக்கு எதிரில்தான் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்திருப்பான்.