பதினான்காம் இலக்க வீட்டின் வெள்ளையைச் சுரண்டாதிருக்க விண்ணப்பம்

அனுப்புபவர்:
அ. செபஸ்தியாம்பிள்ளை,
(மன்னாரில் பேர்பெற்ற கட்டட மேற்பார்வையாளர்)
ஆலைத் தொழிலாளர் வரிசை வீடுகள், இல. 14,
சில்க்போர்க்.

பெறுபவர்:
பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
நகரசபை.

விடயம்: எமது முன்சுவரின் சுண்ணாம்பைத் திங்கட்கிழமை சுரண்டும் வேலையைப் பிற்போடுதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் கட்டளையை மொழிபெயர்ப்பாளர் பேதுரு இரண்டு தரம் வாசித்துச் சொன்னார். இந்த வரிசை நூறு வருடத்துக்கு முன் விக்ரோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயப் பாணியில் கட்டினது, முன்பக்கம் முழுக்க ஒரே சிவப்பாய் இருக்கவேண்டும், நான் அடித்த வெள்ளையைத் தங்கள் ஆட்கள் சுரண்டுவார்கள் என்று அதில் கண்டுள்ளது.

2. வீட்டின் அருமை தெரியாதவன் என்று என்னை எண்ணவேண்டாம். மன்னாரில் பாதி ஊர் என் மேற்பார்வையில் எழும்பினது. மணிக்கூட்டுக் கோபுரம் சாய்ந்தபோது பிஷப் ஆண்டவரே ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஆகவே தெருப்பக்கம் வயிறு தள்ளி நிற்கும் மூன்றுமுக யன்னல், கதவுக்கு மேலே நிறக்கண்ணாடி, செங்கல்லுக்குள் ஓடும் மஞ்சள் கல் வரி, புகைபோக்கியின் மண்குழாய்கள் எல்லாம் மன்னாரை விட்டுத் தங்கள் தேசத்துக்கு வந்த அன்றே கண்டுபிடித்தேன். வாசற்படியோரத்து இரும்புத் தகடு சப்பாத்தின் சேறு வழிக்க என்பதும் தெரியும். அதில் தேங்காய் திருவப் பார்த்தது என் தங்கையின் மகள் மரியநாயகி, நானல்ல.

3. யேசு பிறந்த நத்தாருக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்காத கத்தோலிக்கன் எங்கள் பக்கத்தில் இல்லை. தங்கள் ஊர்க் கோயில்களும் வெள்ளையாய் நிற்பதைப் பார்த்துத்தான் துணிந்தேன். சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தேன். சைக்கிளில் போனவர்கள் எல்லாரும் இறங்கி நின்று பார்த்தார்கள். சந்தோசத்தில் என்றே விளங்கிக்கொண்டேன்.

4. இனித்தான் காரியம். மரியநாயகியின் கணவன் சூசைதாசன் கொழும்பிலிருந்து கிழக்குப் பேர்லினுக்கு வந்து, போன கிழமை அங்குள்ள ஸ்டேசனில் இருந்து ரெலிபோன் எடுத்தார். விலாசம் பையோடு களவு போய்விட்டது, எங்கள் ரெலிபோன் இலக்கம் மட்டும் மனதில் நின்றது, கடைசி நாணயத்தையும் போட்டுவிட்டேன் என்றார். மரியநாயகி அழுததில் அவளால் கதைக்க முடியவில்லை. நான் வாங்கிப் பேசினேன். எங்கள் தெருப்பெயர் தமிழ் வாய்க்குள் அடங்காது. ஆகவே, சில்க்போர்க்கில் இறங்கி ஆலைப்பக்கம் வா தம்பி, வரிசை முழுக்கச் சிவப்பு, ஒன்று மட்டும் வெள்ளை, அதுதான் எங்கட வீடு என்றேன். லைன் அறுந்துபோயிற்று. அவர் கையில் வேறு அடையாளம் கிடையாது.

5. அன்றிலிருந்து ரெலிபோன் அடிக்கவில்லை. மரியநாயகி மூன்றுமுக யன்னலை விட்டு எழும்புகிறாளில்லை, சாப்பாடும் அங்கேதான். அந்தக் காலத்து எஞ்சினியர்மார் அதை எதற்குக் கட்டினார்களோ, அதிலிருந்து தெருவின் இரண்டு முனையும் தெரிகிறது. நானும் சும்மா காற்று வாங்க ஸ்டேசன் பக்கம் போய்வருகிறேன், எல்லா றெயிலுக்கும்.

6. சூசைதாசன் வந்து சேரட்டும். ஏணியை அவர் பிடிக்க, நானே ஒரு பொட்டு மிச்சமில்லாமல் கழுவித் தருவேன். என் கைவேலையைக் குறை சொன்னவர் இதுவரை இல்லை. சுரண்டித்தான் ஆகவேண்டுமென்றால் கதவைச் சுற்றியாவது வெள்ளையை விட்டுவைக்கும்படி கைகூப்பிக் கேட்கிறேன்.

நேற்றுப் பனி சாய்வாய் அடித்து எல்லாச் சுவரிலும் ஒட்டினது, ஐயா. விடிய எழும்பிப் பார்த்தால் வரிசை முழுக்க வெள்ளை. நான் விளக்குமாற்றோடு போய் அயல்வீட்டுச் சுவர்களையெல்லாம் கூட்டிச் சிவப்பாக்கிவிட்டு வந்தேன். பனியை நான் பார்த்துக்கொள்கிறேன். தங்கள் ஆட்களை மட்டும் தாங்கள் நிறுத்திவையுங்கள்.

இடம்: சில்க்போர்க்
திகதி: 07.02.1986

இப்படிக்கு, தங்கள் பதிலுக்காக வாசலில் நிற்கும்,
அ. செபஸ்தியாம்பிள்ளை