வாங்கலாம், யோசிக்கலாம், வேண்டாம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று செங்கோணம் பார்க்கிற மூலைமட்டங்கள் மூன்றைச் சோதித்தேன். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே அட்டைப்பெட்டி, ஒரே மலிவு விலை. பலகை ஓரத்தில் மட்டத்தை வைத்து ஒரு கோடு, அப்படியே புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. நல்ல மட்டம் என்றால் இரண்டு கோடும் ஒன்றாகப் படியும். முதலாவது படிந்தது. இரண்டாவதில் மேலே போகப் போக இடைவெளி. மூன்றாவதை வைத்து அலமாரி செய்தால் புத்தகங்கள் தாமாகவே இறங்கி வந்துவிடும்.

குழுவில் போட்டேன்: ‘மூலைமட்டம் – யோசிக்கலாம். கடையிலேயே கோடு போட்டுப் பார்த்து வாங்கவும்.’ ஐந்து நிமிடத்தில் நாற்பது கும்பிடு வந்துவிட்டது. வீட்டில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறவர்கள், வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்று நானூறு பேர் போனில் கூடியிருக்கிற குழு. மலிவுச் சாமான்களில் எது தேறும், எது தேறாது என்று நான் எழுதுவேன். மூன்றே தீர்ப்புதான்: வாங்கலாம், யோசிக்கலாம், வேண்டாம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளன் நான். குடுவை கழுவுகிறவன் பேச்சை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இங்கே ‘எடைக்கல் சார் என்ன சொல்றார்?’ என்று காத்துக் கிடக்கிறார்கள்.

எடைக்கல் என்பது குழுக்காரர்கள் வைத்த பெயர். எந்த மெஷினையும் கையில் தூக்கிப் பார்த்தே தேறுமா என்று சொல்லிவிடுவேன். உள்ளே செம்புக் கம்பியைத் தாராளமாகச் சுற்றி, பல்சக்கரத்தை நல்ல இரும்பில் போட்டிருந்தால் கனம் இருக்கும். கஞ்சத்தனம் பண்ணியிருந்தால் பொம்மை மாதிரி லேசாக இருக்கும். இதில் என்ன பெரிய ரகசியம்? “உங்க கைக்கு ஒரு சீல் குத்தி வாங்கிடுங்க, கடையில தராசுக்கே வேலை இருக்காது” என்கிறாள் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

மார்ச் 6, வியாழன்

தங்கை வந்திருந்தாள். அவள் வேலை பார்த்த துணி ஆலையை மூடி எட்டு மாதம் ஆகிறது. சும்மா இருக்காமல் பழைய பலகைகளில் முக்காலி செய்து பழகிக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு மழலையர் பள்ளி பன்னிரண்டு குட்டி நாற்காலிகள் கேட்டிருக்கிறதாம். முகமெல்லாம் பல்லாக வந்து நின்றாள்.

“இது சரியா வந்துட்டா மேசையும் என்கிட்டயே சொல்றேன்னு சொல்லியிருக்காங்க அண்ணா. சொதப்பினா அவ்வளவுதான். உன் மாப்பிள்ளை இப்பவே ‘இதெல்லாம் உனக்கு எதுக்கு’ன்னு முகத்தைத் தூக்கி வச்சிருக்கார்.”

என்ன சாமான் வேண்டும் என்று கேட்டேன். “நீ வாங்கலாம்னு எழுதினதை மட்டும்தான் வாங்குவேன். எனக்கு அதை ஆராயற அறிவும் கிடையாது, நேரமும் கிடையாது” என்றாள்.

கோடு சரியாகப் படிந்த அந்த ஒரு மூலைமட்டத்தைக் கையில் கொடுத்தேன். மற்றதற்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். டிரில் – வாங்கலாம். உளியில் சின்ன இரண்டு அளவு மட்டும் வாங்கலாம், பெரியது முனை மழுங்குகிறது. இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் வேண்டவே வேண்டாம், வார்ப்பிரும்பு, திருகும்போதே விரிசல் விடுகிறது. கையில் பிடித்துப் பலகை அறுக்கிற கட்டிங் மெஷின் – வாங்கலாம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றுகூடச் சொன்னேன். நல்ல கனம் அது.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வீட்டுப் பின்னறையில் விளக்கு மாட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஏணியைப் பிடித்தார்.

மார்ச் 15, சனி

கை வெட்டுப்பட்டுவிட்டது. தங்கச்சி கை. இடது கை.

மாப்பிள்ளை போன் பண்ணியபோது சட்டைகூட மாற்றாமல் ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்தார், மடியில் ரத்தம் ஊறின துண்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

கட்டைவிரலை மடக்குகிற நரம்பு அறுந்துவிட்டதாம். சேர்த்துத் தைக்கிறார்கள். விரல் இருக்கும், மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். இதை அவர் மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஐயோ. எப்படி? எப்படி ஆச்சு?

மார்ச் 16, ஞாயிறு

கண் விழித்திருந்தாள். கை முழங்கைவரை கட்டு. என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு: “என் தப்புதான் அண்ணா.”

ஐந்தாவது நாற்காலிக்கு அறுத்துக்கொண்டிருந்தாளாம். ஒரு மணி நேரம் நன்றாக ஓடிய மெஷின் திடீரென்று துள்ளியதாம். “நான் சரியா அழுத்திப் பிடிக்கலை போல. எனக்கு இந்த வேலைக்குக் கை வரலை. அவர் சொன்னப்பவே கேட்டிருக்கணும்.”

“பள்ளிக்கூடத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடலாம்” என்றார் மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லவில்லை, தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே சொன்னார். அவளும் சரி என்று தலையாட்டினாள். என் தங்கச்சி! பத்து வயதில் மாட்டேன் என்றால் மாட்டேன்தான் என்று தெருவே கேட்கக் கத்தினவள்.

நல்ல மெஷின் ஏன் துள்ள வேண்டும்? அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

பள்ளி விட்டு வந்ததும் பிரித்தேன்.

ஆறு திருகு. மேல் ஓட்டைத் தூக்கியதும் ஏதோ உருண்டு மேசையில் விழுந்தது. மோட்டார் துண்டு உடைந்து விழுந்ததோ என்று எடுத்துப் பார்த்தேன். இரும்புக் கட்டி. சோப்புக்கட்டியில் பாதி அளவு. ஒரு பக்கம் காய்ந்த பசை. ஓட்டின் உள்பக்கத்திலும் அதே அளவுக்குப் பசைத் தடம்.

எதனோடும் சேராத கட்டி. அதில் ஒரு துளை இல்லை, திருகு இல்லை, கம்பி இல்லை. முன்னே பின்னே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இது எதற்கு? இது எதற்குடா உள்ளே?

மோட்டாரில் சுற்றியிருந்தது செம்பே அல்ல. அலுமினியக் கம்பி, மேலே செம்பு நிறத்தில் பூச்சு. பல்சக்கரம் பிளாஸ்டிக். எல்லாம் லேசு. அந்த லேசைச் சரிக்கட்ட ஒரு இரும்புக் கட்டியைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறான். ஒரு மணி நேரம் ஓடிய சூட்டில் பசை இளகி, கட்டி கழன்று, சுற்றுகிற மோட்டார்மேல் விழுந்திருக்கிறது. அதில் பட்ட வெட்டுத் தடம் கட்டியிலேயே தெரிகிறது.

மெஷினைத் தூக்கிப் பார்க்கிறவன் ஏமாற வேண்டும் என்றே வைத்தது. என்னை மாதிரி ஆள் ஏமாற வேண்டும் என்று. உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து “என்னங்க, ஷாக் அடிச்சிடுச்சா?” என்று பதறிப்போய்க் கேட்டாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 19, புதன்

கட்டியைப் பள்ளித் தராசில் வைத்தேன். முந்நூற்று எண்பத்தாறு கிராம்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதவே கை வரவில்லை.

குழுவில் இந்த மெஷினுக்கு நான் போட்ட தீர்ப்பைத் தேடி எடுத்தேன். ‘கட்டிங் மெஷின் – வாங்கலாம். கனம் திருப்தி. அரை மணி ஓட்டிப் பார்த்தது.’

ஓட்டவே இல்லை. அன்று கடையில் கரன்ட் இல்லை. தூக்கிப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன், ‘ஆஹா’ என்றேன், வந்துவிட்டேன். முந்தின வாரம் டிரில்லுக்கு எழுதியதை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறேன். அந்த அரை மணி டிரில்லுடையது.

வேண்டுமென்று செய்யவில்லை. அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கண்ணில் பட்டிருந்தால் திருத்தியிருப்பேனா? மாட்டேன். என் கை சொன்ன பிறகு ஓட்டிப் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்திருப்பேன். அவ்வளவு திமிர்.

மார்ச் 20, வியாழன்

கடைக்காரரிடம் போய்க் கட்டியை மேசையில் வைத்தேன். சத்தம் போடத்தான் போனேன். அவர் எடுத்துப் பார்த்தார். அவர் முகமும் வெளுத்துவிட்டது, நடிப்பாகத் தெரியவில்லை.

பிறகு சொன்னார்: “சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வருஷமா வர்றவங்க எல்லாரும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குறாங்க. உங்க குழு ஆளுங்க மட்டும் இல்ல, ஊரே அப்படித்தான். லேசான மெஷின் ஒண்ணு வச்சிருந்தேன், நிஜமாவே நல்ல சரக்கு. ஒருத்தரும் தொடலை, திருப்பி அனுப்பிட்டேன். செய்யறவனுக்கு இது தெரியாதா?”

அந்த லேசான மெஷின் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு ‘வேண்டாம்’ என்று எழுதியதும் நான்தான்.

மார்ச் 21, வெள்ளி

தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பார்க்கப் போனேன். சொல்லவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். “எனக்கே கையாலாகலை, மெஷினைக் குத்தம் சொல்லி என்ன பண்ண” என்றாள். அதற்கும் சும்மா இருந்தேன். த்தூ.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கட்டியை எடுத்து அவள் வலது உள்ளங்கையில் வைத்தேன். அது எங்கே இருந்தது, எப்படி விழுந்தது, எல்லாம் சொன்னேன். மெஷின் துள்ளியதற்கு அவள் பிடி காரணமில்லை, யார் பிடித்திருந்தாலும் துள்ளியிருக்கும் என்றேன். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவனாகவே எழுந்து வந்திருக்கலாம்.

“நான் அதை ஓட்டிப் பார்க்கலை” என்றேன்.

“அரை மணின்னு எழுதியிருந்தியே.”

“எழுதியிருந்தேன்.”

“ஒரு நிமிஷம்கூட?”

“இல்லைம்மா.”

கட்டியைத் திருப்பிப் பசைத் தடத்தைப் பார்த்தாள். “உனக்கு எப்ப தெரியும்?” என்றாள். எல்லாமே புதன்கிழமைக்குள் தெரிந்துவிட்டது என்றேன்.

“புதன்கிழமை தெரிஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை வந்து எனக்குப் பழம் உரிச்சுக் குடுத்திருக்க. நான் என்னையே திட்டிக்கிட்டுக் கிடக்கேன், நீ கொட்டையை எடுத்துட்டு உக்காந்திருந்திருக்க.” குரலை உயர்த்தவே இல்லை. “வெளியே போ.”

மாப்பிள்ளை என் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாசல்வரை வந்து, செருப்பை எடுத்து என் கால்பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 24, திங்கள்

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். கட்டியின் படம், அரை மணிப் பொய், தங்கையின் கை. இந்த மெஷினை வாங்கியவர்கள் உடனே நிறுத்துங்கள் என்று எழுதினேன்.

முப்பத்தொரு பேர் வாங்கியிருக்கிறார்கள். முப்பத்தொரு பேர்! நாள் முழுக்கப் படம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு படத்திலும் அதே கட்டி, அதே பசை. ஒருவருடையதில் கட்டி பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மறுநாள் அதை எடுத்து அறுப்பதாக இருந்தாராம்.

திட்டியவர்கள் திட்டினார்கள், சரிதான். அதைவிடத் தூக்கிவாரிப் போட்டது கடைசியாக வந்த ஒன்று: ‘அப்போ எதை வாங்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க சார்.’

தீர்ப்பு எழுதுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மாப்பிள்ளை போன். எடுக்கும்போதே பயம்.

“மச்சான், அவ இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம்னு சொல்லலை. தவணை மட்டும் தள்ளிக் கேட்டிருக்கா. டாக்டர்கிட்ட சண்டை போட்டு வலது கைக்கு மட்டும் அனுமதி வாங்கிட்டா. கை ரம்பத்துல அறுக்கப் போறாளாம். கட்டையைப் பிடிக்க ஆள் வேணும். நான் பிடிச்சா ஆடுதாம். உங்களை வரச் சொன்னா.”

ஏப்ரல் 5, சனி

போனேன். மேசைமேல் டிரில், உளி, மட்டம் எல்லாம் வரிசையாக இருந்தன. நான் ‘வாங்கலாம்’ என்று எழுதிய சாமான்கள், நான் கொடுத்த மட்டம்.

“திற” என்றாள், டிரில்லைக் காட்டி. திறந்தேன். உள்ளே கட்டி இல்லை, நல்ல செம்பு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே குனிந்து பார்த்தாள். மூடச் சொல்லி, அவளே அரை மணி ஓட்டினாள். கடிகாரத்தை எதிரே வைத்து ஓட்டினாள். நானும் மாப்பிள்ளையும் பள்ளிப் பிள்ளைகளைப்போலச் சுவரோரம் நின்றோம். மட்டத்துக்கும் கோடு போட்டுப் பார்த்தாள்.

பிறகு அறுப்பு. “பிடி.” “திருப்பு.” “விடு.” இவ்வளவுதான் பேச்சு. அண்ணா என்று கூப்பிடவில்லை. நாற்பத்திரண்டு வருடத்தில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை அண்ணா போடுகிறவள். வழிப்போக்கனைக்கூட ஏதாவது முறை வைத்துத்தான் கூப்பிடுகிறோம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “போயிட்டே இருங்க” என்றாள் அவள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆறாவது நாற்காலி. பள்ளி விட்டதும் நேரே அங்கேதான். தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

கட்டுப் பிரித்துப் பார்த்தார்களாம். கட்டைவிரல் பாதிதான் மடங்குகிறது. மாப்பிள்ளைதான் சொன்னார். ஒரு டம்ளரைப் பிடிக்க வரும், கட்டையை இறுக்கிப் பிடிக்க வருமா தெரியாது. அவள் அந்த விரலையே பார்த்துவிட்டு, “ஏழாவதுக்குக் கால் அறுக்கணும்” என்றாள். நான் கட்டையை எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

பதினொன்றாவது நாற்காலியின் முதுகுப் பலகை. குறுகலான துண்டு, பிடிக்க இடமே இல்லை. இரண்டு கையாலும் ஓரத்தில் அழுத்திக்கொண்டிருந்தேன். மரத்தூள் கண்ணில் விழுந்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட நேரத்தில் ரம்பம் நின்றுவிட்டது.

என்ன என்று பார்த்தேன். ரம்பத்தின் பல்லுக்கும் என் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு நெல் அளவு இடம்.

“கையைத் தள்ளி வை அண்ணா” என்றாள்.

தள்ளி வைத்தேன். அறுத்து முடித்தோம்.