மாச்சய்யாவுக்கு நான் போட்ட காலைச் சாப்பாடு

அம்பாலா பட்டாளத்தில் இருக்கும் மகன் உத்தய்யாவுக்கு அவ்வா எழுதுவது. இக்குத்தப்பன் தயவில் நானும் அப்பாவும் மூன்று நாய்களும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே, அதைக் கீழே எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளி போர்த்தித் தூங்கி, சளி பிடிக்காமல் இருக்கிறாயா என்று மறக்காமல் எழுது. இங்கே நடவு முடிந்து மழையும் விட்டுவிட்டது, வெள்ளைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, கொல்லைப்பக்கம் ஒழுகுகிற ஓட்டைத்தான் இன்னும் மாற்றவில்லை.

உன் கடிதம் போன வாரம் வந்தது. கரும்புத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி நாசம் பண்ணுகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் வந்து முறையிட்டார்கள், காப்டன் உன்னையும் கூட்டிக்கொண்டு விடிவதற்கு முன் வேட்டைக்குப் போகிறார், என்ன சாப்பிட்டுவிட்டுப் போவது என்று கேட்டிருந்தாய். குடகில் பிறந்தவன் இதைக் கடிதம் போட்டா கேட்பான் என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. இப்போது சிரிப்பில்லை, கவனமாகப் படி. வெறும் வயிற்றோடு போகாதே, பசித்தவன் கை நடுங்கும், குறி தப்பும். வயிறு முட்டவும் தின்னாதே, பனியில் நின்றால் கண் சொருகும். ஒன்றரை ரொட்டி போதும், தேன் தொட்டுக்கொள். அங்கே கோதுமை ரொட்டிதான் கிடைக்கும் என்றால் அதுவே இருக்கட்டும், நெய் மட்டும் வேண்டாம். வெல்லம் போட்ட கறுப்புக் காப்பி அரை டம்ளர், அதுவும் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்துவிட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டு வந்து அப்புறம் துப்பாக்கியைத் தொடு. பூண்டும் வெங்காயமும் கூடாது, நீ வாயைத் திறப்பதற்கு முன்பே பன்றி மோந்துவிடும். கருவாடு தின்றால் தாகம் எடுக்கும், மோர் குடித்தால் இருமல் வரும். காப்டன் சாராயம் ஊற்றிக் கொடுத்தால் உதட்டில் தொட்டுவிட்டுக் கீழே வை. பலாக்கொட்டையை முந்தின நாள்கூடத் தின்னாதே. அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால் அதற்கு ஒரு கதை இருக்கிறது.

நீ பட்டாளத்தில் சேர்ந்த வருஷம் நடந்த வேட்டையில் மாச்சய்யாவின் தம்பியைப் பன்றி தொடையில் கிழித்ததே, நினைவிருக்கிறதா? அன்று சாயங்காலம் ஊர் கூடி மந்துத் திடலில் நின்று, பன்றி எந்த வழியாகத் தப்பியது என்று கேட்டபோது மாச்சய்யா முன்னால் வந்து, உன் அப்பாவைக் காட்டி, "மந்தண்ணா அண்ணன் தன் இடத்தை விட்டு ஓடிட்டார், அந்த வழியாத்தான் வந்துச்சு" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெரிய மனிதர், சின்னப் பயலோடு வாய் கொடுக்கவேண்டாம் என்று இருக்கிறார் என்று நான் நினைத்தேன். அதிலிருந்து அவருக்கு வேட்டையில் யாரும் இடம் கொடுப்பதில்லை. நாற்பது வருஷம் துப்பாக்கி பிடித்தவரைக் காடு கலைக்கிற கூலிகளோடு தகரம் தட்ட அனுப்பினார்கள். உனக்குப் பார்த்த பெண்ணுக்கு மாறுகண் என்று எழுதினேனே, அது பொய். "ஓடினவர் வீட்டுக்கா பொண்ணைக் குடுப்பாங்க" என்று அவர்கள்தான் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கே மாச்சய்யாவைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். கிணற்றடியில் அவன் பெண்டாட்டி வந்தால் குடத்தைக் காலியாகவே தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன். கோயிலில் எனக்கென்று எதையும் கேட்டதில்லை, அவன் அதே மந்தில் தலை குனிந்து நிற்கவேண்டும் என்று மட்டும் இரண்டு வருஷம் கேட்டேன்.

இந்த வருஷம் கைல்போதுப் பண்டிகை முடிந்த மறுநாள் வேட்டைக்காரர்களுக்குச் சாப்பாடு போடுகிற முறை நம் வீட்டுக்கு வந்தது. முறை வந்த வீட்டில் பகையாளியானாலும் வந்து உட்கார்ந்துதான் ஆகவேண்டும், இலையில் விழுந்ததை மிச்சம் வைத்தால் வேட்டை பலிக்காது, இதெல்லாம் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விடிய இரண்டு நாழிகை இருக்கும்போது பதினோரு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பத்துப் பேருக்கு ஒன்றரை ரொட்டியும் தேனும் வைத்தேன். மாச்சய்யா சமையலறைக் கதவோரம் கடைசியில் உட்கார்ந்திருந்தான். அவன் இலையில் பண்டிகைக்கு வைத்த பன்றிக்கறியில் கொழுப்பாகப் பார்த்து நாலு அகப்பை, கடம்புட்டு உருண்டை ஆறு, பலாக்கொட்டைப் பொரியல் ஒரு குவியல், வறுத்த கருவாடு, கடைசியில் ஒரு செம்பு புளித்த மோர். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "என்னக்கா, இது வேட்டைச் சாப்பாடா, கல்யாணச் சாப்பாடா?" என்றான். "ரெண்டு வருஷமா நீ இந்தப் பக்கமே வரலியே தம்பி, எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கேன், சாப்பிடு" என்றேன். இலையை ஒரு முறை பார்த்தான். அப்புறம் முழுவதையும் தின்று இலையை மடித்தான். எனக்கு அன்று பசியே எடுக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பொழுது கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பன்றியைக் கிளப்பியிருக்கிறார்கள். நல்ல ஆண் பன்றி, கன்றுக்குட்டி உயரமாம். அது நேராக மாச்சய்யாவின் இடத்துக்கு வந்தபோது அங்கே துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது, மாச்சய்யா புதருக்குப் பின்னால் நிக்கரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பன்றி அவன் துப்பாக்கியைத் தள்ளிவிட்டுப் போயே போய்விட்டது. எல்லாரும் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள், ஊரே சிரித்தது. மந்தில் அவனை எழுப்பி, இனி உனக்கு இடம் கிடையாது, தகரம் தட்டப் போ என்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் பெண்கள் கூட்டத்தில் முன்னால் போய் நின்று கண் குளிரப் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன், மூன்று நாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தேன்.

நாலாவது நாள் காப்பி குடிக்கும்போது, அன்னைக்கு அவனுக்கு என்ன போட்டே என்று உன் அப்பா கேட்டார். பெருமையாக ஒன்று விடாமல் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "போஜி, அவன் பொய் சொல்லலை. அன்னைக்கு ஓடினது நான்தான்" என்றார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஓடும்போது துப்பாக்கியையும் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறதே, நான் இரண்டு கைல்போதுக்கும் செங்காந்தள் சூட்டிக் கும்பிட்டேனே, அந்தத் துப்பாக்கி. அதைத் தேடி எடுத்து, சாக்கில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் நம் கொல்லைக் கதவில் கொண்டுவந்து கொடுத்தது மாச்சய்யா. தம்பி ரத்தம் கொட்டிக் கிடந்ததால் ஓடினதை மட்டும் மந்தில் சொன்னான், துப்பாக்கியைப் போட்டதை அவன் பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை. துப்பாக்கியைப் போட்டவனை நம் ஊர் என்ன பண்ணும் என்று உனக்குத் தெரியும், அப்புறம் உன் அப்பா மந்துக்குள் கால் வைக்க முடியாது. நான் போட்டது எதற்கென்று மாச்சய்யாவுக்கு இலையில் விழும்போதே தெரிந்ததாம். "அக்கா கோபம் தீரட்டும்னு சாப்பிட்டேன்" என்று காட்டில் அப்பாவிடம் சொன்னானாம்.

இரண்டு வருஷம் நான் அந்தக் குடும்பத்தைச் சபித்தேனே, அப்போதெல்லாம் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர், "நீ என்னை நம்பினது எனக்கு நல்லா இருந்துச்சு, போஜி" என்கிறார். மாச்சய்யாமேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் சேர்ந்தாலும் அந்த நிமிஷம் உன் அப்பாமேல் வந்ததற்கு ஈடாகாது. இன்றோடு ஒன்பது நாள், அவர் சோற்றை அவரே பொங்கிக்கொள்கிறார். நாளைக் காலையில் மந்து கூடுகிறது. ஓடினதையும் துப்பாக்கியைப் போட்டதையும் அவர் வாயாலேயே சொல்லவேண்டும், நான் போட்ட சாப்பாட்டை என் வாயால் சொல்லுகிறேன், மாச்சய்யாவுக்கு அவன் இடம் திரும்பக் கிடைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். "ஊரை விட்டே ஒதுக்கிடுவாங்க" என்றார். ஒதுக்கட்டும் என்றேன். அதற்கப்புறம் துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், துடைக்கக்கூட இல்லை. பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விடமாட்டேன்.

உனக்கு இனி இந்த ஊரில் பெண் கிடைப்பது கஷ்டம், அதற்கு அவ்வாவைக் கோபித்துக்கொள்ளாதே. இக்குத்தப்பனும் நம் முன்னோர்களும் உன் முன்னாலும் பின்னாலும் நிற்கட்டும், குண்டு படாமல், கொம்பு படாமல் திரும்பி வா. ஒன்றரை ரொட்டிக்கு மேல் தின்னாதே. பன்றி வரும்போது கால் தானாக ஓடினால் ஓடிவிடு, எனக்கு நீ உயிரோடு வேண்டும். ஆனால் ஓடினால் அன்றைக்கே உட்கார்ந்து, அவ்வா நான் ஓடிவிட்டேன் என்று எனக்கு எழுதிவிடு. யாரைக் கருவவேண்டும் என்று தெரியாமல் நான் இனிமேல் ஒருத்தனுக்கும் இலை போடக் கூடாது.

இப்படிக்கு,
உன் அவ்வா
போஜவ்வா