சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவன்

ஆகஸ்ட் 19
மூர்மன்ஸ்க்

அன்புத் தம்பி கிளெப்புக்கு,

அக்கா வார்யா எழுதுவது. நீயும் ஒல்யாவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். கம்சாத்காவில் புதுக் குடியிருப்பு கிடைத்ததாகவும், கடற்படையில் பதவி உயர்ந்து தோளில் ஒரு நட்சத்திரம் கூடியிருப்பதாகவும் ஒல்யாவின் அம்மா சொன்னார். உங்கள் பிரிவில் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களாம். அதனால் கடிதம். இதை உடைத்துப் படிக்கிற அதிகாரியும் நன்றாக இருக்கட்டும்.

உன் அத்தான் யெகோரைக் காவலிலிருந்து இன்னும் விடவில்லை. கப்பலில் தீப்பிடித்த அடுத்த வாரமே உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இங்கே அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது.

தீயில் செத்த ஸகாரைப் புதைத்தோம். பெட்டியைத் திறக்கவே விடவில்லை. அவர் மனைவி ஆணிகளை நகத்தால் பிடுங்கப் பார்த்தார். மூன்று பேர் சேர்ந்து இழுத்த பிறகும் அவர் விரல் நுனியில் மரச்சிராய் ஏறி நின்றது. சுக்ரோபுக்கு அந்தப் பெட்டியும் கிடையாது. பெயிண்ட் அடிக்க ஒப்பந்தக்காரன் கூட்டி வந்த தாஜிகிஸ்தான்காரர்களில் ஒருவன். அவனிடம் எந்தக் காகிதமும் இல்லை என்பதால் அவன் சாகவும் இல்லை. செத்தது ஒருவர் என்று செய்தித்தாளில் போட்டார்கள். அவனை நீயும் பார்த்திருக்கிறாய். பச்சைத் தேநீரைப் பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டு எல்லோருக்கும் நீட்டுவானே, அவன்தான்.

எங்கள் கிழவிக் கப்பலை நீ மறந்திருக்க முடியாது. எட்டு வருடமாகப் பழுது பார்க்கிறார்கள். முன்பு எஞ்சின் உக்ரைனிலிருந்து, நிகோலாயெவிலிருந்து வரும். இப்போது அந்த ஊருக்கு நாம் ஏவுகணை அனுப்புகிறோம், அவர்கள் எஞ்சின் அனுப்புவதில்லை. உடைப்புக்கு இழுத்து வந்த வேறொரு கப்பலின் எஞ்சினைப் பிடுங்கி இதில் நுழைக்கிறார்கள். அது நுழையவில்லை. அதற்காகச் சுவரை வெட்டி, வெட்டியதை ஒட்டி, மறுபடி வெட்டுகிறார்கள். உள்ளே ஒரு கதவும் மூடாது. எல்லாக் கதவு வழியாகவும் கேபிளும் காற்றுக் குழாயும் குடல் மாதிரி கிடக்கின்றன.

தீப்பிடித்த அன்று நான் கிரேன் கூண்டில் இருந்தேன். புகை முதலில் வெள்ளையாக வந்தது, பிறகு கறுத்தது. கதவை மூடினால் தீ நின்றுவிடும். மூட முடியவில்லை. யெகோர் கோடாலியை எடுத்துக் கதவில் கிடந்ததையெல்லாம் வெட்டினான். மின்சாரம் ஓடிய கேபிள் ஒன்று அவனைத் தூக்கிச் சுவரில் அடித்தது. எழுந்து மறுபடி வெட்டினான். ஸகார் உள்ளே கத்தியது எனக்கு மேலே கேட்டது. வார்த்தை எதுவும் இல்லை, பன்றியை அறுக்கிற சத்தம்தான். ஆள் ஏற்றும் கூண்டை இறக்கினேன். ஏறியவர்களில் ஒருவன் கம்பியைப் பிடித்தான். உள்ளங்கைத் தோல் கம்பியோடு போய்விட்டது, அவனுக்கே அது தெரியவில்லை.

மறுவாரம் சாப்பாட்டுக் கூடத்தில் துணை இயக்குநர் லாதிகின் எல்லோரையும் கூட்டிப் பேசினார். "யெகோர் குடிச்சிட்டு வெல்டிங் பண்ணியிருக்கான். ஒரு குடிகாரனால நம்ம பட்டறைக்கே அவமானம்" என்றார். என் கையில் தட்டு இருந்தது, தட்டில் முட்டைக்கோஸ் சூப், கொதிக்கக் கொதிக்க. அவர் முகத்தில் ஊற்றினேன். பிறகு தட்டாலும் அடித்தேன். மூக்கு உடைந்தது. காவலாளி என் வயிற்றில் உதைத்தான், இரண்டு நாள் சிவப்பாகச் சிறுநீர் போனது. வேலை போய்விட்டது. கிரேனில் ஏறுவதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது என்பதால் திரும்பக் கூப்பிடுவார்கள்.

யெகோர் சொல்வது இதுதான். அவன் இந்தப் பக்கம் வெல்டிங் செய்யும்போது சுவருக்கு அந்தப் பக்கம் தீக்காவலுக்கு ஒரு மாலுமி நின்றான், தண்ணீரோடும் சுத்தியலோடும். அங்கே ஏதாவது பற்றினால் அவன் சுவரில் தட்டுவான், இவன் உடனே நிறுத்துவான். தட்டல் வரவில்லை, அதனால் யெகோர் நிறுத்தவில்லை. உண்மையில் அந்தப் பக்கம் ஆளே இல்லை. நடுவில் யாரோ அவனைக் கூப்பிட்டுப் போய்விட்டார்கள். யார் என்று கேட்டால் யெகோர், தெரியாது என்கிறான். அந்த மாலுமியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், எந்த ஊர் என்று ஒருவரும் சொல்வதில்லை.

காலையில் தீக்காவல் ஆட்களை நிறுத்திய அதிகாரி நீ. உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வரி எழுது, போதும்.

கடல் காற்றில் காதைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்காதே. சிறு வயதிலிருந்தே உனக்குக் காதில்தான் கோளாறு.

அக்கா
வார்யா


செப்டம்பர் 27
மூர்மன்ஸ்க்

தம்பி கிளெப்புக்கு,

உன் பார்சல் வந்தது. புகையில் வாட்டிய மீன், சிவப்பு மீன்முட்டை டப்பா, குழந்தையின் படம். குழந்தைக்கு உன் நெற்றி. அதோடு உன் வரியும் வந்தது: "அக்கா, அன்னிக்கு நடந்தது எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. நீ உடம்பப் பாத்துக்கோ."

மீனை ஸகாரின் மனைவியிடம் கொடுத்தேன். யார் அனுப்பியது என்று கேட்டார். கடையில் வாங்கியது என்று பொய் சொன்னேன்.

யெகோரை மறுபடி பார்க்க விட்டார்கள். நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் தொலைபேசி. அவன் இடது கையால் அதைப் பிடித்திருந்தான். வலது கையைக் காட்டச் சொன்னேன், மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த கைதி தொலைபேசிப் பக்கம் குனிந்து சிரித்துக்கொண்டே, "மேசை டிராயர்ல வச்சு மூடிட்டாங்க, அக்கா. நாலு தடவ. ஒவ்வொரு தடவையும் குடிச்சியான்னு கேட்டாங்க" என்றான். யெகோர் அவனை வாயை மூடச் சொன்னான். பிறகு என்னிடம், "இனிமே நீதான் எனக்குச் சூப் ஊட்டணும். லாதிகினுக்கு ஊட்டின மாதிரி வேணாம்" என்றான். இரண்டு முன்பற்கள் இல்லை. சிரித்தபோது தெரிந்தது.

விசாரணை அதிகாரியிடம் போனேன். காவலுக்கு நின்றவனை எடுத்துவிட்டார்கள், கிரேனிலிருந்து பார்த்தேன் என்று சொன்னேன். அவர் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். "யாரு எடுத்தது? பேர் சொல்லும்மா. பேர் இல்லாம நான் என்னத்த எழுத?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் ஒல்யாவின் அம்மா அனுப்பும் பார்சலுக்குள் ஒளிந்து வருகிறது, அதனால் இனிமேல் நாம் சுற்றி வளைக்க வேண்டாம். கிரேன் கூண்டிலிருந்து மேல்தளம் முழுக்கத் தெரியும். கடற்படை தினத்துக்கு மாஸ்கோவிலிருந்து பெரியவர் வருகிறார், தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள், கரையைப் பார்த்த பக்கம் மட்டும் பளபளவென்று இருக்க வேண்டும் என்று லாதிகின் குதித்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் துருப்பிடித்து உதிர்ந்தாலும் கவலை இல்லை. தீப்பிடித்த அன்று அவர் உன்னிடம் வந்து கையை வீசி ஏதோ கத்தினார். நீ படி இறங்கி உள்ளே போனாய். வெளியே வரும்போது உன் பின்னால் தீக்காவல் மாலுமிகள் வந்தார்கள். அவர்கள் கையில் ஆளுக்கொரு பெயிண்ட் உருளைத் தூரிகையை நீயே கொடுத்தாய். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாய். அந்த நடையை நூறு பேருக்கு நடுவிலும் எனக்குத் தெரியும்.

இதை யெகோரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றான். கூப்பிட்ட குரல் சுவர் வழியாகக் கேட்டதாம். அந்தக் குரல் கேட்டும் வெல்டிங்கை நிறுத்தாதது ஏன் என்று கேட்டேன். "மச்சான் கூப்பிட்டா இன்னொருத்தனை நிறுத்திட்டுத்தான் கூப்பிடுவான்னு நெனச்சேன்" என்றான். சரி, பிறகாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். "அவன் உன் தம்பி. அவனுக்கு இப்பத்தான் புள்ள பொறந்திருக்கு. என்னோட கை போயாச்சு, அவனோடதும் எதுக்குப் போகணும்? நீ அவன் பேர எடுக்காத, வார்யா" என்றான்.

கிளெப், உன் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்காக அவன் விரல்கள் உடைந்திருக்கின்றன. நீ எனக்கு மீன்முட்டை அனுப்புகிறாய்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட லாதிகின் மேல் இருக்கிற கோபம் பெரியது. மூக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் மறுபடி கப்பல் மேல் நிற்கிறார். பதக்கம் கொடுத்திருக்கிறார்கள், தீயை அணைத்ததற்காக. எரிந்த பகுதியைச் சுற்றித் தகரம் அடித்து, அதன் மேலும் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. சுக்ரோபின் அண்ணன் பட்டறை வாசலில் வந்து நின்று உடலைக் கேட்டான். ஒப்பந்தக்காரனின் ஆட்கள் அவனை வேலிக்குப் பின்னால் இழுத்துப் போய் இரும்புக் குழாயால் அடித்தார்கள். நான் கல் எடுத்து எறிந்தேன், ஒருவன் மண்டை உடைந்தது. அந்த அண்ணன் எழுந்து, தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனான். லாதிகின் மாதிரி ஆட்களுக்காகவா நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்?

உனக்கு உத்தரவு போட்டது யார் என்று சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வார்யா


அக்டோபர் 14
மூர்மன்ஸ்க்

கிளெப்,

இது தபாலில் வரவில்லை. உங்கள் ஊருக்கு விமானத்தில் வருகிற ஒருவர் கையில் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமைக்குள் உன் வீட்டுக் கதவைத் தட்டுவார். அவருக்கு எதுவும் தெரியாது, ஒரு தேநீர் கொடுத்து அனுப்பு.

யெகோரிடம் காகிதத்தை நீட்டிவிட்டார்கள். எட்டு வருடச் சிறை, இல்லையென்றால் போர்முனை. இராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் வழக்கு மூடப்படும், கப்பலைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் கேட்க மாட்டார்கள். துப்பாக்கியின் விசையை மடக்க முடியாத கையோடு அவனை அனுப்புகிறார்கள். அதைச் சொன்னேன். "அங்க ரொம்ப நாள் கை தேவப்படாதும்மா" என்றான் ஆள் சேர்க்கிறவன். என் எதிரில், சூயிங்கம் மென்றுகொண்டே சொன்னான். அவன் கழுத்தைப் பிடித்துவிட்டேன். பிரித்து வெளியே தள்ளினார்கள். படிக்கட்டில் விழுந்ததில் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, அதனால்தான் எழுத்து இப்படி.

யெகோர் சம்மதித்துவிட்டான். வெள்ளிக்கிழமை மதியம் கையெழுத்து. சிறையில் எட்டு வருடம் அடி வாங்க முடியாது என்கிறான். உள்ளே நேற்றும் அடித்திருக்கிறார்கள், காதில் ரத்தம் காய்ந்திருந்தது.

அரசு கொடுத்த வழக்கறிஞர் ஒரு சோம்பேறி. ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னார். காவலை எடுத்தது யார் என்று பெயரோடு ஒரு வாக்குமூலம் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதிவானால், வழக்கை மறுபடி திறந்தாக வேண்டும், யெகோரை நகர்த்த முடியாது. நீயாக வந்து, இன்னார் உத்தரவு போட்டார், நான் செய்தேன் என்று சொன்னால் நீ சாட்சி. வேறொருவர் உன் பெயரைச் சொன்னால் நீ குற்றவாளி.

நான் சொல்லப் போகிறேன்.

இதை எழுதுவதற்கு முன் சமையலறையில் உட்கார்ந்து வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். லாதிகின் பெயரை மட்டும் சொல்லலாமா என்றால், அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, கை வீசியதைத்தான் பார்த்தேன். அவர் பேசியதைக் காதால் கேட்டவன் நீ ஒருவன்தான். நான் சொன்னால் உன்னோடு நின்றுவிடும், மேலே போகாது. அவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். ஒரு வெல்டருக்குப் பதிலாக ஒரு கீழ்நிலை அதிகாரி கிடைப்பான். டிராயர் அதேதான், விரல்தான் வேறு. எனக்கு அது தெரிந்தும் போகிறேன். அவர்கள் நம் இருவரையும் இப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்கள், ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைக் கொடு என்று. பெரிய மூளை எதுவும் தேவைப்படவில்லை அதற்கு.

யெகோருக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேச மாட்டான். பேசாவிட்டாலும் உயிரோடு இருப்பான்.

அம்மா போன பிறகு பள்ளிக்கூடத்தில் உன்னை ஒருவன் அடித்தால் நான் போய் அவனை அடிப்பேன், நீ செய்த தப்பாக இருந்தாலும். இனி அது முடியாது. இந்த முறை நீயே வர வேண்டும்.

உங்கள் ஊரிலும் இராணுவ வழக்குரைஞர் அலுவலகம் இருக்கிறது. ஒல்யாவிடம் சொல்லிவிட்டுப் போ. மறைத்துவிட்டுப் போகாதே, அவள் கெட்டிக்காரி, தாங்குவாள். லாதிகின் சொன்ன வார்த்தைகளை அவர் சொன்னபடியே சொல், கெட்ட வார்த்தை இருந்தால் அதையும் சேர்த்து. பயமாக இருக்கும். எனக்கும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் நான் உள்ளே போவேன். எங்களைவிட உங்களுக்கு ஒன்பது மணி நேரம் முன்னால் விடிகிறது. நான் எழுந்திருக்கும் முன்பே உனக்கு ஒரு முழுப் பகல் இருக்கும்.

குழந்தைக்கு அத்தையின் முத்தத்தைக் கொடு. அவள் நன்றாக வளர வேண்டும், அப்பா பக்கத்தில் இருக்க வளர வேண்டும். வியாழக்கிழமை இரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படு. காலையில் சீருடையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொள். நீ சரியாகத் தெரிய வேண்டும்.

உன் அக்கா
வார்யா