அலையேறுகிறவனைப் பிடித்தது நான்

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள், உங்களோடு தங்கியிருக்கும் சுந்தரராஜ் மாமாவுக்கும்கூட. அவர் மாமிக்கு எழுதுவார், மாமி கோவிலில் சொல்லுவாள், பிறகு அம்மா என் தோலை உரித்துவிடுவாள். விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அங்கே ஹட்டன் தேயிலை மலையில் குளிர் அதிகமாமே, மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பசு கிடாரி போட்டிருக்கிறது.

மீன்பிடிக்கிற யேசுரத்தினம் கட்டுமரத் தடியில் நின்றபடி அலையேறி வருகிற படத்துக்காக அண்ணனை மெச்சி எழுதியிருந்தீர்கள், திருவனந்தபுரத்தில் போட்டோ ஸ்டுடியோவில் சேர்ப்பதாகவும் சொன்னீர்கள். அம்மா அந்தக் காகிதத்தை வீடுவீடாக வாசித்துக் காட்டுகிறாள், அவன் விரலுக்குப் பலம் வேண்டுமென்று தினமும் முட்டை அவித்துக் கொடுக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது அப்பா. அந்தப் படத்தை எடுத்தது நான்.

நீங்கள் அண்ணனுக்கு அனுப்பிய கேமராப் பெட்டியில் குனிந்து பார்க்கிற மேல்கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். கட்டுமரம் வலப்பக்கம் ஓடினால் அதில் இடப்பக்கம் ஓடும். அண்ணன் அதைப் பார்த்தே பெட்டியைத் திருப்புவான், படச்சுருள் முழுவதும் வெறும் கடலாகக் கழுவி வந்தது. யேசுரத்தினம், "ஏலே தேவகுமாரு, நான் என்ன முங்கியா போனேன்? உன் முன்னாலதானே நின்னேன்" என்று கேட்க, கரையே சிரித்தது. அண்ணன் சலித்துப்போய், "ஏட்டி நேசம், நீ பிடி பாப்போம்" என்று என்னிடம் தந்தான். எனக்கும் முதலில் தலையில்லாத ஆள்தான் விழுந்தான். பிறகு கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கடலையே பார்த்து, யேசுரத்தினம் முழங்காலை நிமிர்த்தத் தொடங்கும்போதே விசையைத் தட்டினேன். நிமிர்ந்த பிறகு தட்டினால் நுரைதான் மிஞ்சும்.

பெரியவளான பின் கடற்கரைக்குப் போனால் பள்ளிக்கூடம் நின்றுவிடும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று அண்ணனுக்குத் தெரியும். இப்போது நீங்கள் இன்னொரு படம் கேட்டதும், "மக்கா, ஒரே ஒரு தடவ" என்று என் பின்னாலேயே சுற்றுகிறான். மாட்டேன் என்றுவிட்டேன். அவனே எடுக்கட்டும், வெறும் கடலைப் பார்த்து நீங்களே தெரிந்துகொள்வீர்கள். ஸ்டுடியோவில் பெண்பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள், அது எனக்குத் தெரியும். அந்தப் படத்தின் பின்னால் அவன் பெயரை அடித்துவிட்டு, நேசபாய் என்று உங்கள் கையால் எழுதிவையுங்கள், அது போதும்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இவ்வளவு மெதுவாகத் தட்டமாட்டாள். அண்ணன்தான். "ஏட்டி, நாளைக்குக் காலத்த நல்ல பெரிய அலையாம்" என்கிறான். அப்பா, பெரிய அலையென்றால் நான்