முப்பத்தாறு தாளிலும் பூஜ்யம்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தம்பி, அவன் மனைவி, குழந்தை எல்லோரும் சுகம். குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டாள், பிடித்துக்கொள்ள வேறு எதுவும் கிடைக்காவிட்டால் என் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவதும் நின்றுவிட்டது, தம்பியே வாஷர் வாங்கிவந்து மாற்றினான். என் சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் என்றால் வழக்கம்போல மழுப்பிவிடுவேன்.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி, இடுப்பு வட்டு நகர்ந்துபோய், வீட்டோடு கிடந்தவனை நாற்காலிக் கம்பெனியில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். புது மாதிரி எது வந்தாலும் நாள் முழுக்க அதில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தரம் கழுத்து, நடு முதுகு, இடுப்பு, தொடை, பாதம் எங்கெங்கே எவ்வளவு வலி என்று பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் போட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வாங்கும் மகாராசா என்று அம்மா கேலி செய்வாளே. நொந்த முதுகுக்குத்தான் நாற்காலியின் குற்றம் முதலில் தெரியும் என்று டிசைன் அம்மா என் தாளைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பாள். நாற்காலிகளை வரைகிற பெண், உன் வயதுதான் இருக்கும், எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம். உன் அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து நீ விமானம் ஏறிய மறுநாளே நான் வேலைக்குப் போய்விட்டேன், அந்த வாரம்தான் அசையும் நாற்காலி வந்தது. நிமிர்ந்து உட்காருங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க ஐயா, ஆனா நிமிர்ந்தாலும் சிலை மாதிரியே உட்கார்ந்தா முதுகு கெட்டுத்தான் போகும், உடம்பு அசைஞ்சுக்கிட்டே இருக்கணும், நாற்காலியும் கூட அசையணும் என்று அவள் விளக்கினாள். இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், நாம் முன்னால் சாய்ந்தால் அதுவும் சாயும். நல்ல யோசனைதான். ஆனால் ஸ்பிரிங் இறுக்கம், முன்விளிம்பும் தூக்கலாக இருந்து தொடையை அடியிலிருந்து அழுத்தியது. பன்னிரண்டு நாள், நாளைக்கு மூன்று தாள், முப்பத்தாறிலும் நான் பூஜ்யம் போட்டேன். சோம்பலில் போடவில்லை பாப்பா. மணி அடிக்கும், வலிக்கிறதா என்று யோசிப்பேன், ஒன்றும் தெரியாது, பூஜ்யம் போடுவேன். அப்போது சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதும் எனக்குத் தெரியவில்லை. என்னோடு உட்கார்ந்த மற்ற இரண்டு பேர் தொடைக்கு மூன்று, நான்கு என்று போட்டிருந்தார்கள், ஐயாவுக்கே வலிக்கலைன்னா சரியாத்தான் இருக்கும் என்று கம்பெனியில் என் தாளை நம்பி விட்டுவிட்டார்கள்.

நாற்பது நாற்காலிகள் ஒரு டெலிபோன் ஆபீசுக்குப் போயின, நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பதில் சொல்கிற இடம். போன மாதம் அங்கே ஒரு பெண் சாப்பாட்டு வேளைக்கு எழுந்தாள், இரண்டு காலும் மரத்துப் போயிருந்திருக்கிறது, முதல் அடியிலேயே விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. முதலாளி கூட்டம் போட்டு, அந்தம்மா உட்காரத் தெரியாம உட்கார்ந்திருக்கும் என்றார். டிசைன் அம்மா என் தாள்களைப் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சும்மா இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். நான் எழுந்து, அந்தத் தாளையெல்லாம் கிழிச்சுப் போட்டுடுங்க, எனக்கு வலிச்சுதா இல்லையான்னே எனக்குத் தெரியாது, தெரியாம எழுதிக் கொடுத்தேன் என்றேன். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்பதையும் திரும்ப எடுத்தார்கள், நானும் வேனில் ஏறிப் போனேன், யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அந்தப் பெண் கையில் மாவுக்கட்டோடு, பழைய மர நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் வேலை செய்துகொண்டிருந்தாள். நான்தான் இதை உட்கார்ந்து பார்த்துச் சரின்னு எழுதினவன் என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஐயா உங்களுக்கு வலிக்கவே இல்லையா என்று கேட்டாள், கோபமாகக் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரி விசாரிக்கிற மாதிரி கேட்டாள். எட்டு மாசம் முன்னால என் வீட்டுக்காரி போயிட்டாம்மா என்று என் வாய் சொல்லிவிட்டது. அவளுக்கு ஒரு போன் வந்தது, ஒரு நிமிஷம் இருங்க என்று கையைக் காட்டினாள். நான் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு இடுப்பு வலித்தது. வேன் குலுங்கினதுதானோ என்னவோ.

கம்பெனியில் வேலை போகவில்லை, ஆனால் இரண்டு மாதம் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், டாக்டர் சொன்னபடி காலையும் மாலையும் நடக்கிறேன். ஸ்பிரிங்கைத் தளர்த்தி விளிம்பை இறக்கி வேறு ஆட்களை உட்கார வைத்திருக்கிறாள் டிசைன் அம்மா. நீ கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு மடியில் கம்ப்யூட்டரை வைத்து வேலை செய்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், அதை விடு. பாதம் தரையில் படிய வேண்டும், எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நட, தண்ணீர் குடிக்கிற சாக்கிலாவது நட. ஞாயிற்றுக்கிழமைதோறும் எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்கிறாய், எனக்கென்ன, நல்லா இருக்கேன் என்கிறேன். அதையும் நீ நம்ப வேண்டாம். அழுகை வரவில்லை, தூக்கம் வருகிறது, சாப்பிடுகிறேன், அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள், என் ஆசீர்வாதம். குழந்தை போட்டோவை வைத்திருக்கிறேன், கவரைக் கிழிக்கும்போது பார்த்துக் கிழி. லீவு கிடைத்தால் வா. போன தடவை வர வேண்டாம், செலவு எதற்கு என்று நான்தான் சொன்னேன். இந்தத் தடவை வா.

இப்படிக்கு,
உன் அப்பா