இரண்டு நிமிடம் கழுவிய கை

ஜூலை 7, திங்கள்
மதியச் சாப்பாட்டுக்கு முன் மூன்றாம் வகுப்புக்குக் கைப்பரிசோதனை. பதினோரு பேரைக் குழாய்க்குத் திருப்பி அனுப்பினேன். "சத்தியமா சோப்பு போட்டோம் டீச்சர்!" நகத்தில் மண். என்கிட்டயேவா?

வீட்டில் நாலு வேளையும் பை மாற்றியாயிற்று. இவர் வயிற்றில் வைத்திருக்கும் குழாய் வழியாகப் பழைய நீரை இறக்கி, புதிய மருந்து நீரை ஏற்ற வேண்டும். இவர் கிட்னி விட்டுவிட்ட வேலையை இப்போது நான் செய்கிறேன். ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, இரண்டு நிமிடம் கை கழுவி. இறக்கிய பையைப் பேப்பர் மேல் வைத்தால் நீர் தெளிவாக இருந்து அடியில் எழுத்து தெரிய வேண்டும். தெரிந்தது.

ஜூலை 9, புதன்
குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. டேங்கர் வரவில்லை என்கிறார் வீட்டு ஓனர் கோவிந்தப்பா. இவர் குடத்திலிருந்து ஊற்ற ஊற்றக் கழுவினேன்.

ஜூலை 10, வியாழன்
எழுத்து தெரியவில்லை.

அதே நாள், மாலை
காலையில் இறங்கிய பை கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. "நேத்தே வயிறு லேசா வலிச்சுது" என்கிறார். நேத்தேவா? ஏங்க சொல்லல?

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. வயிற்றுக்குள் கிருமி. பையிலேயே மருந்து கலந்து ஏற்றுகிறார்கள். ஐந்து நாளில் தெளியாவிட்டால் குழாயை எடுத்துவிட வேண்டுமாம். அப்புறம் மெஷின் டயாலிசிஸ்தான். அதை இவர் இதயம் தாங்காது என்றுதானே இந்தக் குழாயே வைத்தார்கள்? ஆண்டவரே, பயமா இருக்கு.

ஜூலை 11, வெள்ளி
கோவிந்தப்பாவுக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். "டேங்க்கைக் கழுவி எத்தன வருஷமாச்சு? இவருக்கு ஏதாவது ஆச்சு, உங்கள சும்மா விடமாட்டேன்!" மனுஷன் பதறிப்போய், "இன்னிக்கே க்ளீன் பண்ணிடறேன் டீச்சர்" என்றார்.

ஜூலை 12, சனி
நர்ஸ் மமதா, "மேடம், வீட்ல எப்படி கை கழுவறீங்களோ அதே மாதிரி பண்ணிக் காட்டுங்க" என்றாள். இருபத்தாறு வருஷ டீச்சரிடம்! சுருக்கென்றது. காட்டினேன். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு. ஒரு குறை சொல்ல முடியாது. நிமிர்ந்து பார்த்தேன். மமதா என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் இப்படித்தான் துடைத்திருக்கிறேன், ஸ்கூலிலிருந்து வந்த புடவையோடு. சாக்பீஸ் தூள், பிள்ளைகளின் மூக்கு, பஸ் வியர்வை எல்லாம் துடைத்த முந்தானை! டிஷ்யூவில்தான் துடைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். முதல் வாரம் செய்தேன். எப்போது விட்டேன்? தெரியவே இல்லை.

டேங்க் இல்லை, டேங்கர் இல்லை. நான்தான். இந்தக் கைதான்.

ஜூலை 13, ஞாயிறு
சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. முந்தானை விஷயத்தை இவரிடம் சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. கடைசியில், "அழுதா தெளிஞ்சிடுமா ஆஞ்சலா? எந்திரிச்சுப் போய் கையக் கழுவு. பை மாத்தற நேரமாச்சு."

என்னையே மாற்றச் சொல்கிறாரா? மாற்றினேன். மமதா பக்கத்திலேயே நின்றாள்.

ஜூலை 14, திங்கள்
பேப்பரில் தலைப்பு மட்டும் தெரிகிறது, மங்கலாக. நாளையோடு ஐந்து நாள். கை தோல் உரிகிறது. இவர் இல்லாமல் அந்த வீட்டுக்கு எப்படிப் போவேன்? எழுதாதே. இதையெல்லாம் எழுதாதே.

ஜூலை 15, செவ்வாய்
பை இறங்கியதும் பேப்பரை இவரே கேட்டு வாங்கினார். வேண்டுமென்றே பொடி எழுத்து வரி விளம்பரப் பக்கத்தைத் திருப்பி, பையை அதன் மேல் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாக வாசித்தார்: "சந்தாபுராவில் வீடு வாடகைக்கு. இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வசதி." அப்புறம், "பொய் சொல்றான் டீச்சர்" என்று சிரித்தார்.

எனக்கு அழுகை நிற்கவில்லை. முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டேன். அடுத்த பைக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. இருந்தும் எழுந்து போய்க் கை கழுவினேன், முழுசாக இரண்டு நிமிடம். ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, மமதா டிஷ்யூ எடுத்து வரும்வரை அப்படியே நின்றேன்.